வாசலில் நிற்கும் பழைய கடன்

(கீரனூரில் பொதுமக்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஊர்ப்பக்கம் கடனைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிற வழக்கம் இல்லை. கல்யாணம், காது குத்து, கிணறு வெட்டியது எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்வோம். கடனை மட்டும் காதோடு காதாகச் சொல்வோம். அந்த ரகசியம்தான் கடன்பட்டவரை மேலும் மேலும் அமுக்குகிறது என்பதால் இன்று இதைச் சத்தமாகப் பேச வந்திருக்கிறேன்.

நான் பேசப்போவது பழைய கிரெடிட் கார்டு கடனைப் பற்றி. மாத்தூரிலும் துவாக்குடியிலும் பட்டறை வேலைக்குப் போன பிள்ளைகள், திருச்சிக் கடைகளில் கணக்கு எழுதுகிறவர்கள், சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய் வந்தவர்கள் எனப் பலரிடமும் ஒரு காலத்தில் இந்த அட்டை இருந்தது. சம்பளம் ஒழுங்காக வந்தவரை ஒழுங்காகக் கட்டினார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வேலை போனது, வீட்டில் நோய் வந்தது, கார்டு பாக்கி அப்படியே நின்றது. வருடங்கள் ஓடின. எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்திருக்கும்போது ஒருநாள் யாரோ ஒருவர் போனில் கூப்பிடுகிறார். நாற்பதாயிரம் பாக்கி ஒன்றரை லட்சம் ஆகிவிட்டது, இன்று மாலைக்குள் கட்டு என்கிறார்.

அவர் சொல்வதெல்லாம் ஏறக்குறைய ஒரே பாடம்தான். உன் பேரில் வாரண்ட் இருக்கிறது, போலீஸ் கிளம்பிவிட்டது, வீட்டை ஜப்தி செய்வோம், நீ வேலை பார்க்கிற இடத்துக்கு வருவோம், உன் மாமனாருக்குச் சொல்வோம், தெருவில் நின்று சத்தம் போடுவோம். இந்த மிரட்டல்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பாதி சட்டத்தின் பெயரால் சொல்லப்படும் பொய். மீதிப் பாதி, ஊர் என்ன சொல்லும் என்ற நம் பயத்தின் மேல் கை வைப்பது. கடன் வேறு, மிரட்டல் வேறு. இரண்டையும் பிரித்து வைத்துவிட்டால், மிஞ்சுவது சில தாள்களும் ஒரு கணக்கும்தான். தாளையும் கணக்கையும் மனிதன் நிதானமாகக் கையாள முடியும். நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான்.

கடன் வசூலுக்கு நம் மண்ணில் நீண்ட சரித்திரம் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர் ஆட்சியிலிருந்த நம் கரைக்கு வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ வந்தார். இங்கே கண்ட ஒரு வழக்கத்தை அவர் தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். பலமுறை கேட்டும் ஒருவன் கடனைத் திருப்பித் தராவிட்டால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போடலாம். கடனைத் தீர்க்காமலோ, தக்க பிணை கொடுக்காமலோ அவன் அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. வெளிநாட்டு வணிகன் ஒருவனுக்குப் பாக்கி வைத்திருந்த அரசனையே, அவன் குதிரை மேல் போய்க்கொண்டிருந்தபோது வணிகன் வட்டமிட்டு நிறுத்தியதையும், அரசன் கடனைத் தீர்க்கும்வரை அசையாமல் நின்றதையும் நேரில் பார்த்ததாக மார்க்கோ போலோ சொல்கிறார்.

அந்தத் தண்டனை கொடூரமானது, அது திரும்ப வர வேண்டாம். ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருந்ததைக் கவனியுங்கள். கேட்டவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு பாக்கி என்று தெரியும். பட்டப்பகலில், விதிப்படி நடந்தது. அரசனும் ஆண்டியும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டார்கள். இன்று ராத்திரி ஒன்பது மணிக்கு, பெயர் சொல்லாத எண்ணிலிருந்து, கணக்குக் காட்டாமல், உங்கள் தங்கையின் போனுக்குக் கூப்பிட்டுத் திட்டுகிறானே, அதில் எந்த விதியும் இல்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வசூலுக்கு ஒரு முறை இருந்தது என்றால், இன்று முறையைக் கேட்க நமக்கு ஆயிரம் மடங்கு உரிமை உண்டு.

கடன்பட்டவரெல்லாம் நாணயம் கெட்டவர் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். ராமச்சந்திர தொண்டைமான் காலத்தில் இந்தப் புதுக்கோட்டை சமஸ்தானமே கடனில் தத்தளித்தது. 1878இல் சேஷையா சாஸ்திரி வந்து நிர்வாகப் பொறுப்பை ஏற்று, வரவு செலவை உட்கார்ந்து பார்த்துத்தான் அதைச் சீர் செய்தார். அரண்மனைக் கடன் கணக்குப் பார்த்து அடைந்தது. நம் வீட்டுக் கடனுக்கும் அதுவே வழி.

சரி, நாற்பதாயிரம் எப்படி ஒன்றரை லட்சம் ஆகிறது? கார்டு வட்டி பொதுவாக மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல். மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40,000 ரூபாய்க்கு மாத வட்டி 1,400. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது 252. 'மினிமம் டியூ' என்று 2,000 ரூபாய் கட்டுகிறீர்கள். அதில் 1,652 வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். அசலில் கழிவது 348 ரூபாய்தான். மினிமம் டியூ கட்டினால் போதும் என்று வருடக்கணக்கில் கட்டியவர்கள் அசலைத் தொடவே இல்லை என்பதன் ரகசியம் இது. ஒன்றுமே கட்டாமல், மாத வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் 40,000 ரூபாய் மூன்று ஆண்டில் ஏறத்தாழ 1,38,000 ஆகும். கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டினால் அது முறையற்ற வணிகம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டிக்கு அந்த உச்சவரம்பும் இப்போது இல்லை. கையில் கார்டு வைத்திருக்கும் இளைஞர்கள் இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

நாம் கட்டாமல் விட்ட பிறகு வங்கிக்குள் என்ன நடக்கிறது? கெடு தேதியிலிருந்து 90 நாளுக்குள் மினிமம் தொகைகூட முழுமையாக வராவிட்டால் அதை வாராக்கடன் என்று வகைப்படுத்துகிறார்கள். பிறகு 'ரைட் ஆஃப்' செய்கிறார்கள். தள்ளுபடி ஆகிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். அது தள்ளுபடி இல்லை. வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சுத்தம் செய்துகொள்கிறது, அவ்வளவே. கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டில் ஒன்று நடக்கலாம். வங்கி, வசூல் ஏஜென்சி ஒன்றிடம் வேலையை ஒப்படைக்கலாம். அல்லது ஆயிரக்கணக்கான பழைய கணக்குகளை மொத்தமாகக் கட்டி, சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிடலாம். அப்படி விற்கும்போது முழுத் தொகைக்கு விலை போகாது. ஆகவே உங்களைக் கூப்பிடுகிறவர் வங்கியின் ஊழியராக இருக்கலாம், கமிஷனுக்கு வேலை செய்கிற ஏஜென்ட்டாக இருக்கலாம், கடனை விலைக்கு வாங்கிய நிறுவனத்தின் ஆளாக இருக்கலாம், எங்கிருந்தோ உங்கள் விவரத்தைத் திருடிய மோசடிக்காரனாகவும் இருக்கலாம்.

அதனால் முதல் கேள்வி, "எவ்வளவு கட்டணும்?" என்பதாக இருக்கவே கூடாது. "நீங்க யாரு? எந்த பேங்க் சார்பா பேசுறீங்க? உங்க அனுமதிக் கடிதத்தை அனுப்புங்க. கணக்கு விவரத்தை எழுத்துல அனுப்புங்க. அதுக்கப்புறம் பேசலாம்." இந்த ஐந்து வாக்கியம் போதும். குரலை உயர்த்த வேண்டாம், கெஞ்ச வேண்டாம், சொந்தக் கதை சொல்ல வேண்டாம். எப்போது கட்டுவேன் என்று தேதி சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுங்கள். உண்மையான நிறுவனம் தாளை அனுப்பும். அனுப்பாதவன் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தாள் வரும்போது நாலு விஷயம் பாருங்கள். அசல் எவ்வளவு, வட்டியும் அபராதமும் தனித்தனியாக எவ்வளவு, நீங்கள் கடைசியாகக் கட்டிய தேதி எது, கடன் கைமாறியிருந்தால் அதற்கான எழுத்து எங்கே. கடன் விற்கப்பட்டிருந்தால் அதை உங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்கச் சொல்லுங்கள். நீங்களாகவும் ஒன்று செய்யலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் பக்கம் 'சிவில் ஸ்கோர்' என்று சொல்கிறோமே, அதுதான். அதை எடுத்துப் பார்த்தால் கடன் யார் பெயரில் நிற்கிறது, எவ்வளவு என்று காட்டியிருக்கிறார்கள், எப்போதிலிருந்து கட்டவில்லை என்பதெல்லாம் தெரியும். போனில் ஒரு தொகை, அறிக்கையில் வேறு தொகை என்றால் உடனே கேள்வி கேளுங்கள்.

வசூலிக்க வருகிறவருக்கு ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் இருக்கின்றன. 2008 ஏப்ரலிலேயே விதி போட்டார்கள். 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை இன்னும் தெளிவாகச் சொன்னது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாது. பெயர் சொல்லாமல் மிரட்டக் கூடாது. பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தார், நண்பர்கள், சான்றுக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஆகியோரின் வாழ்க்கையில் தலையிடக் கூடாது. செல்போனிலோ சமூக ஊடகத்திலோ தகாத செய்தி அனுப்பக் கூடாது. தாய்மார்கள் வாங்கும் குழு லோனுக்கு நேரம் இன்னும் குறைவு, காலை 9 முதல் மாலை 6 வரைதான். ஏஜென்ட் செய்யும் தவறுக்கு வங்கியே பொறுப்பு. "அது ஏஜென்சிக்காரன் பேசினது, எங்களுக்குத் தெரியாது" என்று வங்கி கையை விரிக்க முடியாது.

நீதிமன்றமும் பேசியிருக்கிறது. 2007இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், கடனை வசூலிக்க அடியாட்களை ஏவக் கூடாது, சட்ட வழியில் மட்டுமே வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நமக்குப் பக்கத்துத் தேவகோட்டையில் பிறந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். கடன் கொடுத்தல் வாங்கல் இரண்டையும் தலைமுறை தலைமுறையாக அறிந்த மண்ணிலிருந்து போனவர் அதைச் சொன்னார் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

அடுத்து, போலீஸும் ஜெயிலும். கார்டு பாக்கி கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு வாங்கினால்தான் மோசடி. வேலை போனதால் கட்ட முடியாதவர் மோசடிக்காரர் ஆக மாட்டார். கடன் வசூலித்துக் கொடுப்பது காவல்துறையின் வேலை இல்லை. நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, விசாரித்து, டிக்ரி வாங்கின பிறகும்கூட, கையில் இல்லாததால் கட்ட முடியாதவரைச் சிறையில் போட முடியாது. 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒரு வங்கிக் கடன் வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னார். வறுமை குற்றம் ஆகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பணக் கடன் டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்கிறது.

ஜப்தி என்று மிரட்டுகிறார்களே, அதே சட்டத்தின் 60ஆம் பிரிவை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உடுதுணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை இவற்றை ஜப்தி செய்ய முடியாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையைத் தொட முடியாது, நம் வழக்கில் அது தாலி. தொழிலாளியின் கருவிகளையும் விவசாயியின் உழவுக் கருவிகளையும் மாட்டையும், அவர் குடியிருக்கும் வீட்டையும் அந்தப் பிரிவு காக்கிறது. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பாதுகாக்கப்பட்டவை. பி.எஃப். பணமும் அப்படித்தான். இதெல்லாம் நீதிமன்றத்துக்கே உள்ள எல்லை. நீதிமன்றமே தொட முடியாததை, பைக்கில் வந்து வாசலில் நிற்கிற ஒருவர் எப்படித் தொட முடியும்?

இப்போது பழைய கடனின் மையமான விஷயத்துக்கு வருகிறேன். காலவரையறை. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய கடனுக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குப் பிறகு போட்டால், நீங்கள் வாதம் எழுப்பாவிட்டாலும் நீதிமன்றமே அதைத் தள்ளுபடி செய்ய வேண்டும். கொரோனா காலத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உதாரணமாக, 2019 மார்ச்சில் கடைசியாகக் கட்டியவருக்குக் கெடு 2022 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டும். இந்த உத்தரவினால் அது ஏறத்தாழ 2024 தொடக்கம் வரை நீண்டது. உங்கள் தேதியை வைத்து நீங்களே கணக்குப் போடலாம்.

மூன்று ஆண்டு முடிந்தால் கடன் செத்துவிட்டதா? இல்லை. ஸ்காட்லாந்தில் ஐந்து ஆண்டு கேட்காமல் விட்டால் கடனே இல்லாமல் போகும். நம் நாட்டில் கடன் இருக்கும், வழக்குப் போட்டு வாங்கும் வழி மட்டும் அடைபடும். பாக்கியைக் கேட்கலாம், கடிதம் எழுதலாம், சிபிலில் காட்டலாம். நீதிமன்றத்தின் பலத்தால் பிடுங்க முடியாது.

அந்த அடைபட்ட கதவைத் திறக்கும் சாவி உங்கள் கையெழுத்துதான். ஏஜென்ட்டுகளுக்கு இது நன்றாகத் தெரியும். மூன்று ஆண்டு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ, கெடு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கலாம். மூன்று ஆண்டு முடிந்த பிறகும், "இந்தப் பழைய கடனைக் கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி அது புது ஒப்பந்தமாகவே செல்லும். "ஒரு ஆயிரம் மட்டும் போடுங்க சார், மேலிடத்தில் சொல்லிக்கிறேன்" என்று இனிமையாகப் பேசுவார்கள். டேப்லெட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். ஓ.டி.பி. கேட்பார்கள். அந்த ஓ.டி.பி. எதற்கு என்று உங்களுக்குத் தெரியாது. கடனை ஒப்புக்கொள்ளும் மின்கையெழுத்தாக இருக்கலாம், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் எடுக்கும் அனுமதியாக இருக்கலாம். உத்தரவாதத்துக்கு என்று வெற்றுச் செக் கேட்பார்கள். அதைக் கொடுத்து, அது திரும்பிவிட்டால், சிவில் விவகாரமாக இருந்தது செக் மோசடி வழக்காக உருமாறும். எனவே கணக்குத் தெளிவாகும் வரை பணமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம், செக்கும் வேண்டாம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் மனதில் ஒரு கேள்வி எழும். "வாங்கியதைக் கொடுக்காமல் ஏமாற்றக் கற்றுக் கொடுக்கிறாயா?" நியாயமான கேள்வி. என் பதிலையும் நேராகச் சொல்கிறேன். வாங்கியதைத் திருப்பித் தருவது நம் அறம். கையில் வசதி வந்தவர் நியாயமான தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிக்கத்தான் வேண்டும். அப்போதுதான் மனதும் நிம்மதியாகும், நாளைக்கு வீட்டுக் கடனோ பிள்ளையின் படிப்புக் கடனோ கிடைக்கும். ஆனால் எது நியாயமான தொகை, யாரிடம் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை நிதானத்தோடு நீங்கள் முடிவு செய்ய வேண்டும். பயத்தில் கொடுக்கும் பணம் பல நேரம் கடனைத் தீர்ப்பதில்லை, வட்டிக்கும் கமிஷனுக்கும் போய், அசல் அப்படியே நிற்கிறது.

கட்டி முடிக்க முடிவு செய்தவர்களுக்குப் படிகளைச் சொல்கிறேன். வங்கிக்கே, அல்லது கடனை வாங்கிய நிறுவனத்துக்கே நேராக எழுதுங்கள். பழைய கடன்களில் பெரும்பகுதி வட்டிதான் என்பதால் குறைத்து முடிக்க அவர்களும் விரும்புவார்கள். உங்களால் ஒரே தவணையில் தர முடிகிற தொகையைச் சொல்லுங்கள். பேச்சு முடிந்ததும், நிறுவனத்தின் முகவரித் தாளில், முழுமையாகத் தீர்ந்தது என்ற வாசகத்துடன், தொகையும் தேதியும் போட்டு செட்டில்மென்ட் கடிதம் வாங்குங்கள். கடிதம் கைக்கு வந்த பிறகே பணம். அதையும் நிறுவனத்தின் கணக்கில்தான் கட்ட வேண்டும், ஏஜென்ட்டின் ஜி-பே எண்ணுக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது. கட்டியதும் பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, ரசீதோடு சேர்த்துப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையைப் பாருங்கள். குறைத்துக் கட்டினால் அதில் 'செட்டில்டு' என்று வரும், முழுவதும் கட்டினால் 'குளோஸ்டு' என்று வரும். முன்னது வங்கிகளின் கண்ணில் கொஞ்சம் குறைவுதான். அதைத் தெரிந்தே முடிவெடுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது இன்னொன்றை. கார்டுக் கடன் என்பது அடமானம் இல்லாத கடன். அதன் மிரட்டலுக்குப் பயந்து நகையை அடகு வைக்கிறோம், கந்துவட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் வாங்குகிறோம், தண்டல் எடுக்கிறோம். அதாவது சட்டம் நம்மைக் காக்கும் இடத்திலிருந்து எழுந்து, சட்டம் எட்டாத இடத்தில் போய் உட்காருகிறோம். கந்துவட்டித் தடைச் சட்டம் நம் மாநிலத்தில் 2003இலேயே வந்தது. இருந்தும் 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே, இரண்டு சிறு குழந்தைகளோடு, தீக்குளித்தது. அந்த நாளைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது. வன்முறையாகக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025இல் சட்டமன்றம் புதிய சட்டமும் இயற்றியது. சட்டங்கள் வரட்டும். ஆனால் ஒரு கடனை அடைக்க அதைவிட மோசமான கடனை வாங்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் மகனின் கார்டு பாக்கிக்கு இங்கே கீரனூரில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டு மிரட்டுவதும் நடக்கிறது. தாய்மார்களே, நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாத கடனுக்கு நீங்கள் பொறுப்பில்லை. கணவர் இறந்துவிட்டார், அவர் பெயரில் கார்டு பாக்கி என்றால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரைதான் கேட்க முடியும். உங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்தோ பிள்ளைகளின் சம்பாத்தியத்திலிருந்தோ கேட்க முடியாது. "எனக்குச் சம்பந்தமில்லை, எழுத்துல அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

விதி மீறி நடந்தால் என்ன செய்வது? அழைப்பு வந்த எண், தேதி, நேரம், பேசியது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். பேச்சைப் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் செய்தியைப் படம் பிடித்து வையுங்கள். வங்கியின் குறைதீர் அதிகாரிக்குக் கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கடிதத்தில் மறக்காமல் ஒரு வரி சேருங்கள்: "இக்கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொண்டதாகவோ, கட்டுவதாக வாக்களித்ததாகவோ ஆகாது." முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண். கொலை மிரட்டல், ஆபாசப் பேச்சு, வீட்டுக்குள் அத்துமீறல் என்றால் காத்திருக்க வேண்டாம். நேராகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் பொய் வாரண்டுக்குப் பயப்படக் கூடாது. உண்மையான சம்மனை அலட்சியம் செய்யவும் கூடாது. நீதிமன்ற அமீனா கொண்டுவந்து கொடுத்தால், அல்லது தபாலில் வழக்கு எண்ணோடு வந்தால், அந்த எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள். உண்மை என்றால் குறித்த நாளில் ஆஜராகுங்கள். போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகிவிடும். காலாவதியான கடன் என்று சொல்லும் வாய்ப்பையும் இழப்பீர்கள். மத்தியஸ்தர் நோட்டீஸ் வந்தாலும் எழுத்தில் பதில் கொடுங்கள். லோக் அதாலத்துக்குக் கூப்பிட்டால் போகலாம், ஆனால் அங்கே சம்மதித்துக் கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது, ஆகவே யோசித்துச் சம்மதியுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் அனைவருக்கும் இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. 15100க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

கடன் நெருக்கி, உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கும் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், அல்லது உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால், 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசுங்கள். எந்த வங்கிக் கணக்கும் ஓர் உயிருக்கு ஈடாகாது. நீங்கள் இருந்தால்தான் கடனையும் தீர்க்க முடியும், பிள்ளைகளையும் வளர்க்க முடியும்.

கடைசியாக, கடன் இல்லாதவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதுவரை சொன்ன சட்டமெல்லாம் கடன்பட்டவருக்கு. இனி சொல்வது நமக்கு. வாசலில் நின்று சத்தம் போடுகிற ஆளுக்கு நீதிமன்ற ஆணை இல்லை, ஜப்தி அதிகாரம் இல்லை, காவல்துறை துணை இல்லை. அவர் நம்பி வந்திருக்கும் ஒரே ஆயுதம் நாம்தான், பக்கத்து வீட்டுக்காரர்களின் காதும் வாயும். கடன்பட்டவர் தலை குனிவது ஏஜென்ட்டைப் பார்த்து இல்லை, ஜன்னல் வழியாகப் பார்க்கும் நம்மைப் பார்த்துத்தான்.

அப்படி ஓர் ஆள் உங்கள் தெருவுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். "தம்பி, உங்க ஐ.டி. கார்டைக் காட்டுங்க, அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்க, சத்தம் போடாம பேசுங்க" என்று கேளுங்கள். மறுநாள் அந்த வீட்டுக்காரரைப் பார்க்கும்போது நடந்ததைப் பற்றி ஊரில் பேசாதீர்கள். கடிதம் எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். போனில் தளத்தைத் திறக்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் சிபில் அறிக்கையை எடுத்துக் கொடுங்கள், இ-கோர்ட்ஸ் பார்த்துக் கொடுங்கள். உங்களைத் தேடி ஒரு ஏஜென்ட் போன் செய்து பக்கத்து வீட்டுக்காரரின் கடனைச் சொன்னால், "இதை எங்கிட்ட சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை" என்று சொல்லிவிட்டு அந்த எண்ணைக் குறித்து அவரிடம் கொடுங்கள். அது அவருடைய புகாருக்குச் சாட்சியாகும்.

இதற்குச் சங்கம் தேவையில்லை, நிதி தேவையில்லை. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேர் முன்வந்தால் போதும். கடன்பட்டவர் கணக்கை நேர்மையாகத் தீர்க்கட்டும். அதுவரை அவர் தலை நிமிர்ந்து கடைத்தெருவுக்குப் போய்வர நாம் துணை நிற்போம். இந்தக் கூட்டம் முடிந்ததும் அந்த இரண்டு பேர் யார் என்று உங்கள் தெருவில் பேசி முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.